நல்ல ஒட்டகம்

கேட்காமல் எடுத்தார்கள். சங்கவி நினைவு தப்பிக் கிடந்தபோது, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், பதில் சொல்லுகிற நிலைக்கு அவள் திரும்பும்வரை பொறுக்கவும் பொறுக்காமல், அவளுடைய இடது கையிலிருந்து ரத்தம் எடுத்து, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று பார்க்க லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, பெண்கள் பொது வார்டு. காலை ரவுண்ட்ஸில் டாக்டருக்குப் பின்னால் ட்ரேயை ஏந்திக்கொண்டு நின்றவள் ட்ரேயோடு சரிந்தாள். கத்தரிக்கோல் தரையில் சுழன்று யாருடைய கட்டிலுக்கடியிலோ போனதுவரை அவளுக்கு ஞாபகமிருக்கிறது. விழுந்தவள் நோயாளியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்: காலைத் தூக்கி வை, பிரஷர் பார், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார், கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேள். விழுந்தது கல்யாணமாகாத இருபத்திரண்டு வயது நர்ஸ் என்பதால் அந்த வரிசையே மாறிவிட்டது. சர்க்கரை பார்க்கிற மெஷின் அவள் யூனிபார்ம் பாக்கெட்டிலேயே இருந்தது, இப்போதும் தொடையில் இடிக்கிறது, அதை ஒருத்தரும் தொடவில்லை. அவள் கண்ணைத் திறந்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. எதற்கென்று புரிந்தது, என்னைக் கேட்காமல் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க வாய் வருவதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. வார்டு இன்சார்ஜ் தவமணி சிஸ்டர் போனைக் கீழே வைத்துவிட்டு, திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கிற குரலில் சொன்னாள்: "நெகட்டிவ். தப்பிச்ச போ."

தப்பிச்ச போ. எதிலிருந்து தப்பித்தாள்? டிரெஸ்ஸிங் ரூமின் ஒடுங்கிய கட்டிலில் மல்லாந்து கிடந்து, வலது கையில் இறங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சங்கவி அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். தப்பிக்க ஒரு தப்பு வேண்டாமா? ஒருத்தனோடு ஒரு டீக்கடையில் உட்கார்ந்ததுகூடக் கிடையாது. ஹாஸ்டலில் இருந்து வார்டு, வார்டில் இருந்து ஹாஸ்டல், நடுவில் ஒரு ரோடு, அந்த ரோட்டில் ஒரு வேகத்தடை, அவ்வளவுதான் அவள் பார்த்த கோயம்புத்தூர். இருந்தாலும், இதுதான் அவளுக்கு இப்போது நெஞ்சில் முள்ளாக நின்றது, தவமணி சிஸ்டர் போனைக் காதில் வைத்த அந்த நிமிஷத்தில் அவளுக்கே பயமாகத்தான் இருந்தது. ஒருவேளை இருந்துவிட்டால்? எப்படி இருக்கும், பைத்தியமே, என்று உள்ளே ஒருத்தி அதட்டினாள். லேபில் ட்யூப் மாறிப்போகும், பேர் மாறி ஒட்டுவார்கள், நீயே ஒட்டியிருக்கிறாய் என்று இன்னொருத்தி சொன்னாள். அப்புறம் என்ன சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள், அம்மா நம்புவாளா, அம்மா முதலில் அழுவாள், அழுத பிறகு நம்பலாம், அப்பா அழமாட்டார், பேசாமல் முந்திரித் தோப்புக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். செய்யாத காரியத்துக்கு ஒரு நிமிஷம் முழுக்கக் குற்றவாளியாக இருந்தாள். அந்த நிமிஷத்தை அவளுக்கு யார் திருப்பித் தருவார்கள்? நெகட்டிவ் என்றதும் ஒரு நன்றி மாதிரி ஏதோ ஒன்று நெஞ்சில் பொங்கியதே, அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. தப்பிச்ச போ என்றவளைப் பார்த்து, படுத்தபடியே, "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று சொல்லியிருந்தாள். சொன்னாளா? சொன்னாள். அதையும் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள்.

பாட்டில் முடியும் நேரத்துக்கு நர்சிங் சூப்பரின்டென்டன்ட் கீழே இருந்து வருவார். ரவுண்ட்ஸின் நடுவில், டாக்டரின் சட்டையில் பெட்டாடைன் தெறிக்க விழுந்த விஷயம் அவர் காதுவரை போய்விட்டது. வந்து, ஏன் விழுந்தாய் என்று கேட்பார். அதற்கான பதிலைத் தவமணி சிஸ்டர் ஏற்கனவே தயார் செய்து வைத்துவிட்டாள். "ஆடி வெள்ளி, விரதம்னு சொல்லிடு. காலையில பச்சைத்தண்ணி பல்லுல படலைன்னு சொல்லு. அவங்க சாமி கும்பிடுற புள்ளைன்னா ரெண்டு அட்வைஸோட விட்டுருவாங்க. வேற எதாச்சும் உளறி வைக்காத. உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல." சொல்லிவிட்டு சங்கவியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை என்பது என்னவோ நிஜம். அதுதான் இதில் விசேஷம், பொய்யில் பாதி நிஜம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆனால்தான் நிரந்தரம், பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறாள், பத்தாம் வகுப்பில் தொடங்கி நர்சிங் டிகிரிவரை அசல் சான்றிதழ் எல்லாம் சூப்பரின்டென்டன்ட் ரூம் பீரோவில் கிடக்கிறது. அனுப்பிவிட்டால் அதையெல்லாம் கொடுத்து அனுப்புவார்களா, கொடுக்காமல் அனுப்புவார்களா என்பது அவரவர் அதிர்ஷ்டம். வேண்டாத பேரோடு வெளியே போனவளை இந்த ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரி எடுக்காது. விரதம். ஒரே வார்த்தை. சொன்னால் தீர்ந்தது. சொன்னால் விழுந்தது அவளுடைய பக்தி, அவளுடைய முட்டாள்தனம், அவளுடைய வயிறு. சொட்டு விழுகிறது, விழுகிறது, கொஞ்சம் வேகமாகவே விழுகிறது, சங்கவியின் இடது கை தன்னால் எழுந்து குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தைத் திருகிச் சொட்டைக் குறைத்தது. குறைத்த பிறகுதான் அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ஏன் குறைத்தாய்? வேகமாக இறங்கினால் சீக்கிரம் ஒன்றுக்கு வரும். ஒன்றுக்கு வந்தால் சாவி கேட்க வேண்டும்.

சாவி என்றால், ஸ்டாஃப் பாத்ரூம் சாவி. முன்னே திறந்துதான் கிடந்ததாம். நோயாளிகளோடு வருகிறவர்கள் புகுந்து அசிங்கம் செய்கிறார்கள் என்று மேலிடத்தில் பூட்டச் சொன்னார்கள். சாவி தவமணி சிஸ்டரின் மேஜை டிராயருக்குப் போனது. நோயாளிகளின் பாத்ரூமை ஸ்டாஃப் பயன்படுத்தக் கூடாது, அது சுகாதார விதி. ஆக, போக வேண்டுமென்றால் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து, நோயாளிகள், அவர்கள் வீட்டு ஆண்கள், வார்டு பாய் அத்தனை பேர் முன்னாலும் கையை நீட்ட வேண்டும். முதல் வாரம் நீட்டினாள். "மறுபடியுமா? தாலுகா ஆபீஸ் ஒழுகற குழாய்கூட உன்னைவிடத் தேவலடி" என்றாள் தவமணி சிஸ்டர், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டிலை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வார்டில் எல்லாப் புதுப்பெண்களும் தானாகவே கண்டுபிடிக்கிற வித்தை அது: எழுந்ததும் அரை டம்ளர் டீ, அதோடு சரி, ஷிப்ட் முடிந்து ஹாஸ்டல் போய்த்தான் தண்ணீர். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பலாம். அப்படித் தேறியவளுக்கு வார்டில் ஒரு பட்டம் உண்டு. ஒரு நாள் ஷிப்ட் மாறும்போது தவமணி சிஸ்டர் அடுத்த ஷிப்ட்காரியிடம் இவளைக் காட்டி, "இதைப் பாரு, நல்ல ஒட்டகம். காலையிலேர்ந்து ஒரு தடவைகூடச் சாவி கேக்கலையே" என்றாள். அன்றைக்கு ஹாஸ்டலுக்குப் போகிற வழியில் அந்த வேகத்தடையைத் தாண்டும்போது சங்கவிக்கு ஏற்பட்டது என்னவென்று நினைக்கிறீர்கள்? பெருமை. கல்லூரியில் மெடல் வாங்கினபோதுகூட அப்படியொரு பெருமை வரவில்லை. இரவு அம்மாவிடம் போனில், "இன்சார்ஜ் சிஸ்டருக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்மா" என்று சொன்னாள். என்ன சொல்லிப் பிடிக்கும் என்று அம்மா கேட்கவில்லை, நல்லவேளை.

ஒட்டகத்துக்குக்கூடத் திமில் இருக்கிறது. இவளுக்கு என்ன இருக்கிறது? கட்டிலில் கிடப்பவளை நோயாளியாக வைத்துக்கொண்டு சங்கவி தன்னைத் தானே டாக்டருக்கு ஒப்பித்துப் பார்த்தாள், அது அவளுக்குப் பழக்கமான காரியம். பேஷன்ட் இருபத்திரண்டு வயது, முன்னால் எந்த வியாதியும் இல்லை. சேர்ந்த மாதத்திலிருந்து உடம்பு இளைத்து யூனிபார்ம் தோளில் தொங்குகிறது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, ஹாஸ்டல் பாத்ரூம் ஜலதாரை அடைத்துக்கொண்டதற்கு வார்டன் திட்டியது இவளைத்தான். காலில் சாயங்காலமானால் சாக்ஸ் தடம் பள்ளமாகிறது. சோற்றைப் பார்த்தால் நெஞ்செரிச்சல். கட்டில் பெல் அடித்தால் நெஞ்சுக்குள் யாரோ குப்புற விழுகிறார்கள், லீவு நாளில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தாலும் விழுகிறார்கள். ஒரு வாரமாக ஒன்றுக்குப் போகும்போது தீயாய் எரிகிறது, இடுப்புக்குப் பின்னால் ஒரு பக்கம் குடைகிறது, ராத்திரி குளிர் காய்ச்சல் மாதிரி வந்து விடியும்போது போய்விடுகிறது. இதை வேறு யாராவது வந்து சொன்னால் சங்கவி ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள், என்னக்கா, யூரின்ல இன்பெக்ஷன் முத்திக் கிட்னிவரை போயிருக்கும், தண்ணியே குடிக்க மாட்டீங்களா, என்று கோபித்திருப்பாள். கோபித்துக்கொண்டேதான் இருக்கிறாள், தினமும். சோமனூரில் தறி ஓட்டுகிற ருக்குமணி, கல்லடைப்பு என்று வந்து வாசல் பக்கக் கட்டிலில் இருக்கிறவள், அவளை எத்தனை முறை கோபித்திருக்கிறாள்! ருக்குமணி குடித்த தண்ணீரை அளந்து, பெய்ததை அளந்து, குறைந்தால் டம்ளரை வாயில் திணிக்காத குறையாக. "ஏனுங் சிஸ்டர், நீங்க குடிச்சிங்களா?" என்று அவள் கேட்டபோது, "நான் நல்லாத்தான் இருக்கேன், என்னை விடுங்க" என்று சொன்ன வாய் உள்ளே காய்ந்து உதடு பல்லில் ஒட்டியிருந்தது. யாருடைய உடம்பு இது? அளக்கத் தெரிந்தவளுக்கு அளக்க நேரமில்லாத உடம்பு. அப்புறம் அது, அதைச் சொல்லாமல் ஒப்பித்தால் டாக்டர் கேட்பார், மாதவிலக்கு எப்போது? நின்று நாலு மாதம். நாலு மாதமா? முதலில் தள்ளிப்போனது, சரி ஷிப்ட் மாறுகிறதே என்றிருந்தாள், அடுத்த மாதம் வரவில்லை, ஒரு வகையில் நிம்மதி, சாவி கேட்கிற வேலை இன்னும் குறைந்தது. இந்த நிம்மதியைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. ஒரே ஒருத்தியிடம் சொல்லியிருந்தாள்.

அந்த ஒருத்தி ஜெனிலா. மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், இவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், ஹாஸ்டலில் மேல் கட்டில். தவமணி சிஸ்டருக்கு நாலு மாதக் கணக்கு எப்படித் தெரிந்தது? அது தெரியாமல், ஒருத்தி மயங்கி விழுந்ததும் நேராக அந்த டெஸ்டுக்கா போவாள்? நினைவு வந்தும் வராமலும் இருந்தபோது காதில் ஒரு குரல் விழுந்தது, நாலு மாசமா வரலை சிஸ்டர், என்று. கிணற்றுக்குள்ளிருந்து கேட்ட மாதிரி. கனவாக இருக்கலாம். கனவில் மார்த்தாண்டம் ராகம் வருமா? நினைக்க நினைக்க இடுப்புக் குடைச்சலோடு அது சேர்ந்துகொண்டது, எது எந்த வலி என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சரி, ஜெனிலா சொன்னாள் என்றே வை. சொன்னால் என்ன? பயந்து சொல்லியிருப்பாள். உண்மையைத்தானே சொன்னாள். உண்மையைக் கேட்டவர்கள் அதிலிருந்து ஒரே ஒரு அர்த்தத்தைத்தான் எடுப்பார்கள் என்றால் அது ஜெனிலாவின் குற்றமா? ஒரு பெண்ணுக்குத் தீட்டு நின்றுபோக உலகத்தில் ஒரே காரணம்தான் என்று, படித்தவர்கள், அதையே படித்தவர்கள், பரீட்சையில் பத்துக் காரணம் எழுதி மார்க் வாங்கியவர்கள் முடிவு செய்தால்? சங்கவி அந்தப் பத்தையும் இப்போதும் சொல்வாள். சோர்வு, தூக்கமின்மை, எடை இறங்குவது, ஓயாத பதற்றம். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் நோயாளிகளுக்கு.

தவமணி சிஸ்டர் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்! அதுதான் சங்கவியின் யோசனை திரும்பத் திரும்பப் போய் முட்டிக்கொண்ட இடம். விழுந்தவளின் தலையைத் தரையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது அவள்தான். "ஐயோ எம்புள்ள, கண்ணத் தொறடி" என்று கன்னத்தைத் தட்டியதும் அவள்தான், அந்தக் குரல் நடிப்பில்லை. முதல் மாதம் சங்கவிக்கு நரம்பு கிடைக்காமல் நோயாளி கத்தியபோது, கையைப் பிடித்து, "பயப்படாத, ஊசியைப் பாக்காத, நரம்பை மட்டும் நெனைச்சுக்கோ" என்று சொல்லித் தந்த விரல்கள். அதே விரல்கள் அதே நரம்பை நினைத்துக்கொண்டு அவளுக்குத் தெரியாமல் குத்தின. தவமணி சிஸ்டருக்கே கிட்னியில் இரண்டு முறை கல் எடுத்திருக்கிறார்கள். அதை அவள் பதக்கம் மாதிரி சொல்வாள்: "நாங்கெல்லாம் காலையில பூந்தா சாயந்தரம்தாண்டி. இப்ப வர்றதுக எல்லாம் பூஞ்சை." ஐந்து பேர் பார்க்க வேண்டிய வார்டை மூன்று பேரை வைத்து ஓட்டச் சொன்னால் அவள் என்ன செய்வாள், ஒருத்தி பாத்ரூம் போன நேரத்தில் ஒரு நோயாளியின் பாட்டில் தீர்ந்து நரம்பில் காற்று ஏறிவிட்டால் பதில் சொல்வது யார்? அவள். சரி, அவளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அவளுக்கு மேலே இருப்பவருக்கும் ஒரு நியாயம் இருக்கும். இப்படி மாடி மாடியாக நியாயம் ஏறிக்கொண்டே போய், எல்லோரும் நியாயமாக இருந்து, கடைசியில் எரிவது மட்டும் ஏன் இவளுடைய மூத்திரக்குழாயில் எரிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும் யாராவது. இதைச் சூப்பரின்டென்டன்ட்டிடம் கேட்டால்? கேட்பாயா? விரதம் என்று சொல்லிவிடுவாய். தேங்க்ஸ் சிஸ்டர் என்று சொன்னவள்தானே நீ.

திரை விலகியது. ஜெனிலா. கையில் ஓர் ஆரஞ்சு ஜூஸ் டப்பா, முகத்தில் அழுத தடம், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏட்டி, என்ன இது, ராணி மாதிரி மலந்து கெடக்க? ஒனக்க கட்டில் எல்லாம் நான் ஒத்தைக்கு ஓடுகேன். மூணு பேரு பாக்க வேண்டியத ரெண்டு பேரு பாக்கியோம், நீ கால் நீட்டிப் படுத்துக் கெட." சங்கவி சிரிக்கவில்லை. "நீதான் சொன்னியா?" ஜெனிலா ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்திக்கொண்டே இருந்தாள், அது போகாமல் வளைந்தது. "பயந்துட்டேன் மக்ளே. நீ வெள்ளையா கெடந்த. சிஸ்டர் என்னயப் புடிச்சு உலுக்கினாவ, இவளுக்கு வேற என்ன பிரச்சினை சொல்லு சொல்லுன்னு. வாயில வந்துட்டு." "அப்புறம் அவங்க எதுக்கு ரத்தம் எடுக்கறாங்கன்னு உனக்குத் தெரியாதா?" "தெரியும்." "தடுக்கலாம்ல." "நானா? தவமணி சிஸ்டரையா?" அந்தக் கேள்விக்கே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் சங்கவிக்கு அடிவயிறு வலித்தது, அடிவயிறு என்று ஒன்று நிரம்பிக்கொண்டிருப்பது அப்போதுதான் முழுக்க உறைத்தது. "ஒண்ணுக்கு வருதுடி." "பெட்பான் கொண்டாரட்டா?" "இங்கயா? இந்தத் திரையை வச்சுக்கிட்டா? வெளிய ருக்குமணியோட வீட்டுக்காரர் நிக்கிறாரு." "அப்ப அடக்கு. நீதான் நல்ல ஒட்டகமாச்சே." சொன்னதும் ஜெனிலாவின் முகம் மாறியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள், உட்காரக் கூடாது, ஷிப்டில் நர்ஸ் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குரலை இறக்கினாள். "சங்கவி, கேளு. விரதம்னே சொல்லிரு. நீ வேற ஏதாவது சொன்னா அடுத்தது என்னயத்தான் கூப்பிடுவாவ. எனக்கும் ரெண்டு மாசமா இல்லட்டி." "உனக்கா?" "எனக்குத்தான். ஒங்கிட்ட சொன்னா நீ பயப்படுவன்னு சொல்லல்ல. போன பேட்ச்ல ஒரு அக்கா போனாவல்லா, கல்யாணம்னு சொன்னாவ, கல்யாணமும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒண்ணுக்குல ரத்த ரத்தமா போயி வீட்டுலேருந்து வந்து கூட்டிட்டுப் போனாவ." வார்டில் பெல் அடித்தது. ஜெனிலாவின் தோள் தூக்கிப்போட்டது, சங்கவியின் தோளும் அதே நேரத்தில் தூக்கிப்போட்டது. ஒரே கயிற்றில் கட்டிய மாதிரி. ஜூஸை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அவள் ஓடினாள்.

இதுவரை சங்கவி தன் உடம்பு தனியாக ஏதோ செய்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். பலவீனமான உடம்பு, அம்மா சரியாகப் பால் கொடுக்காத உடம்பு, கடைசிப் பிள்ளை உடம்பு. ஹாஸ்டல் கட்டிலில் படுத்து, தனக்கு மட்டும் ஏன் இப்படி என்று வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்த ராத்திரிகளில் மேல் கட்டிலிலும் ஒருத்தி அதே வெட்கத்தோடு கிடந்திருக்கிறாள். நடுவில் ஒரு பலகை. இரண்டு பேரும் தண்ணீர் குடிக்காமல், இரண்டு பேரும் தூங்குவதுபோலக் கிடந்து, காலையில் எழுந்து ஒருத்தியை ஒருத்தி பார்த்து, நல்லாத் தூங்கினியா என்று கேட்டு. அந்தக் கல்யாணமாகாத அக்காவும் இங்கே எந்தக் கட்டிலில் படுத்திருப்பாள், என்ன பொய்யை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? கல்யாணம் என்ற பொய். இவளுக்கு விரதம். ஜெனிலாவுக்கு எது? கிறிஸ்தவப் பெண், ஆடி வெள்ளி செல்லாது, லெந்து கால நோன்பு என்பார்களா? இத்தனை கோபத்திலும் இது சிரிப்பாக வந்தது, அடிவயிறு கல்லாக இருந்தது, சிரிக்க முடியாது, இரும முடியாது, புரள முடியாது, சொட்டு விழுந்துகொண்டேயிருக்கிறது, ஒவ்வொரு சொட்டும் கண்ணால் பார்க்கும்போதே உள்ளே போய்ச் சேர்வது தெரிகிறது. அடக்கு. அடக்கினால் அடங்கிவிடும், ஒரு கட்டத்துக்கு மேல் மரத்துவிடும், அதுவும் அவளுக்குத் தெரியும், அந்த மரத்துப்போவதைத்தான் திறமை என்று நினைத்திருந்தாள். இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் இருந்த கை கழுவும் முறை படத்தைப் பார்த்தாள். படத்தில் குழாயிலிருந்து நீலமாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. போதும் என்று தோன்றியது. யோசித்துத் தோன்றியதில்லை. கால் தரையில் இருந்தது, அவ்வளவுதான்.

பாட்டிலை ஸ்டாண்டிலிருந்து கழற்றி இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரைக்கு வெளியே வந்தாள். தலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வார்டு முழுக்க அவளைப் பார்த்தது. இத்தனை நாளும் அவள் குனிந்து பார்த்த முகங்கள், இப்போது அவளை நிமிர்ந்து பார்த்தன. சாவி டிராயர் அந்தக் கோடியில். நோயாளிகளின் பாத்ரூம் இந்தக் கோடியில், இரண்டு கட்டில் தள்ளி. அவள் அந்தக் கோடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதி வழியில் கை தளர்ந்து பாட்டில் தாழ்ந்தது, குழாயில் அவளுடைய ரத்தமே பின்வாங்கிச் சிவப்பாக ஏறியது. "அட சாமி, கீழ உளுந்திருவீங் கண்ணு" என்று ருக்குமணி கட்டிலிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பாட்டிலைப் பிடுங்கித் தன் தலைக்கு மேலே தூக்கினாள். "போங், நான் புடிச்சுக்கறேன். கதவச் சாத்தாதீங், டியூப்பு பத்தாது. ஏனுங், நீங்க வெளிய நில்லுங்" என்று புருஷனை விரட்டினாள். கதவு ஒருக்களித்திருக்க, உள்ளே சங்கவி, வெளியே பாட்டிலைத் தூக்கிப் பிடித்த கை. முதலில் வரவில்லை. அடக்கி அடக்கி, வா என்றால் வருமா? பிறகு கொஞ்சமாக, தீயைப் பெய்கிற மாதிரி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பழுப்பாக, பால் விடாத கட்டன் சாயா நிறத்தில், விளிம்பில் செம்மை. இதை ஒரு நோயாளிக்குப் பார்த்திருந்தால் டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிட்டிருப்பாள். வெளியே ருக்குமணி தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தாள். "தறிக்குடோன்லயும் இதே ரோதனைதானுங். தறிய நிறுத்திட்டுப் போனா மொதலாளி மூஞ்சியக் காட்டுவாரு. அடக்கி அடக்கித்தான் எனக்குக் கல்லு. படிச்ச புள்ளைங்களுக்கு அப்டி இருக்காதுன்னு இருந்தனுங்." சங்கவி எழுந்து, தண்ணீரை ஊற்றி, ஒரு கையால் முகத்தைக் கழுவிக்கொண்டாள். குழாயை மூடவில்லை. கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய்.

வெளியே வந்தபோது ருக்குமணி பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடியே விறைத்து நின்றாள். நடைபாதை நடுவில் நர்சிங் சூப்பரின்டென்டன்ட், பொடிக்கட்டம் போட்ட காட்டன் சேலை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. பக்கத்தில் தவமணி சிஸ்டர். மருந்து ட்ராலிக்குப் பின்னால் ஒளிந்தும் ஒளியாமலும் ஜெனிலா. "பேஷன்ட் டாய்லெட்டா?" என்றார் சூப்பரின்டென்டன்ட், தவமணியைப் பார்த்து. "அவசரம் மேடம், மயக்கத்துல இருக்கா, தெரியாம..." என்று தவமணி சிஸ்டர் முந்திக்கொண்டாள். முந்திக்கொண்டே கண்ணால் சங்கவியைக் கெஞ்சினாள். மிரட்டினாளா கெஞ்சினாளா, இரண்டும்தான். அந்தக் கண்ணுக்குக் கீழே கருவளையம் கன்னம்வரை இறங்கியிருப்பதை சங்கவி இன்றைக்குத்தான் பார்த்தாள். பாவம், இவளும் காலையிலிருந்து குடித்திருக்க மாட்டாள். பாவம் என்று நினைத்துக்கொண்டே, பாவம் பார்ப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா என்று அவள் மனசு அவளையே மடக்கியது. பீரோவுக்குள் சான்றிதழ்கள். அப்பாவின் முந்திரித் தோப்பு. தப்பிச்ச போ. தேங்க்ஸ் சிஸ்டர். ஜெனிலாவின் தோள் அங்கே ட்ராலிக்குப் பின்னால் தூக்கிப்போட்டபடியே நிற்கிறது. நாக்கில் இன்னும் குழாய்த் தண்ணீரின் உப்பு இருந்தது, வாய் ஈரமாக இருந்தது, ஈரமான வாயில் வார்த்தை ஒட்டிக்கொள்ளாது என்று சம்பந்தமில்லாமல் நினைத்தாள். சூப்பரின்டென்டன்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். குரல் கடுமையாக இல்லை, அலுப்பாக இருந்தது.

"என்னம்மா, விரதமாமே. உடம்பைக் கெடுத்துக்கிட்டு அப்படி என்ன சாமி? எத்தனை வெள்ளிக்கிழமையா இருக்க?"

"விரதம் இல்ல மேடம். ஒண்ணுக்குப் போக விடமாட்டாங்கன்னு இந்த வார்டுல நாங்க யாருமே தண்ணி குடிக்கிறதில்ல. எனக்கு ஒரு வாரமா காய்ச்சல், இப்ப ரத்தமும் போகுது. பீரியட்ஸ் நின்னு நாலு மாசமாச்சு, எனக்கு மட்டும் இல்ல. நான் கண்ணைத் தொறக்கற வரைக்கும் பொறுத்திருந்து என்னைக் கேட்டிருந்தா, ஊசி இல்லாமயே இவ்வளவும் சொல்லியிருப்பேன்."